பந்துவீசும் கரமும் பயிற்சிக்களமும்: சின்னப்பம்பட்டி நடராஜன் குறித்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

விளையாட்டைச் சமூக வரலாற்றின் ஒரு கூறாகக் கொண்டு ஆராயும் முயற்சி தமிழிலே மிகக் குறைவாகவே நடைபெற்றுள்ளது. இலக்கியம், சமயம், நாட்டார் வழக்காறு ஆகியவற்றின் சமூக அடித்தளங்களைத் தேடிச் சென்ற எமது ஆய்வாளர்கள், ஊர்களின் மாலைப் பொழுதுகளை நிரப்பும் விளையாட்டை ஆய்வுக்குரிய பொருளாகக் கருதியதில்லை. அது வெறும் பொழுதுபோக்கு என்று ஒரு சாராரும், உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் மயக்கமருந்து என்று முற்போக்காளருள் ஒரு சாராரும் கருதினர். இவ்விரு கருத்துக்களும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், விளையாட்டுக்குத் தனக்கென ஒரு வரலாறு இல்லை என்ற எடுகோளை இரண்டுமே பகிர்ந்துகொள்கின்றன.

இந்த எடுகோளை மறுத்தவர்களுள் முதன்மையானவர் திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் ஆவார். கிரிக்கெட் பற்றி அவர் எழுதிய நூல் 1963 இல் வெளிவந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் நிறபேதம், வர்க்கபேதம், குடியேற்ற ஆட்சி ஆகியவற்றை அறியாமல் அங்குள்ள கிரிக்கெட்டை அறிய முடியாது என்பதையும், கிரிக்கெட்டை அறியாமல் அச்சமுதாயத்தையும் முழுமையாக அறிய முடியாது என்பதையும் அந்நூல் நிறுவியது. இந்த நோக்கினை அடியொற்றி, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனின் விளையாட்டு வாழ்வையும், அவர் தம் ஊரிலே இளைஞருக்கென நிறுவிய பயிற்சிக்களத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனைக் கரையோரத்திலிருந்து எழுதும் நாம் சேலத்து வீரர் ஒருவரை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வினா எழலாம். சின்னப்பம்பட்டி தறியோசை கேட்கும் ஊர். எமது மருதமுனையும் அவ்வாறே. சின்னப்பம்பட்டியின் இளைஞர்கள் டெனிஸ் பந்திலே கிரிக்கெட்டைப் பயின்றவர்கள். மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையிலான எமது ஊர்களின் இளைஞர்களும் அவ்வாறே. இவ்விரு ஒப்புமைகளும் தற்செயலானவை அல்ல. ஆயினும், அங்கு நிகழ்ந்தது இங்கு நிகழவில்லை. அதற்கான காரணத்தைத் தனிமனிதரின் திறமையிலோ விதியிலோ தேடுவதிற் பயனில்லை. சமூக நிறுவனங்களின் இருப்பிலும் இன்மையிலுமே தேடுதல் வேண்டும்.

2

நடராஜனின் வாழ்வுக்குள் நுழையுமுன், பந்துவீச்சு என்ற தொழிலின் வர்க்கத் தன்மையைச் சிறிது நோக்குதல் இன்றியமையாதது. கிரிக்கெட் ஆட்டத்திலே மட்டை பிடிப்பவரும் பந்து வீசுபவரும் சமமானவர்கள் என்பது விதிநூல் கூறுவது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. இங்கிலாந்தில் 1806 ஆம் ஆண்டு தொடங்கி 1962 ஆம் ஆண்டு வரை 'கனவான்கள்' ஒரு பக்கமும் கூலி பெறும் 'ஆட்டக்காரர்கள்' மறுபக்கமுமாக மோதும் போட்டியொன்று நடைபெற்று வந்தது. அக்கனவான்கள் பெரிதும் துடுப்பாட்டத்திலேயே நாட்டங் கொண்டிருந்தனர். நாள் முழுதும் ஓடிவந்து பந்துவீசும் உடல் வருத்தமோ பெரும்பாலும் கூலி பெற்றோரின் பங்காக விடப்பட்டது. நிலவுடைமைச் சமுதாயத்தின் வேலைப்பிரிவினை ஆடுகளத்திலும் தன் நிழலை வீழ்த்தியது எனலாம்.

இதற்குச் சான்றாக இருவரைக் குறிப்பிடலாம். நொட்டிங்காம்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்திலே சிறுவயதில் வேலைசெய்த ஹரோல்ட் லார்வுட், 1932-33 இல் அவுஸ்திரேலியாவில் தம் அணித்தலைவரின் திட்டப்படி துடுப்பாட்டக்காரரின் உடலைக் குறிவைத்துப் பந்துவீசி 33 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். அரசியற் சிக்கல் எழுந்தபோது, திட்டம் வகுத்த கனவானிடமன்றிப் பந்துவீசிய தொழிலாளியிடமே மன்னிப்புக் கோரப்பட்டது. அவர் மறுத்தார், அதன்பின் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட் போட்டியிலேனும் அவர் ஆடவில்லை. மற்றையவர் இந்தியாவின் பல்வங்கர் பாலு. தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்த அவர் புனேயில் ஐரோப்பியரின் கழகமொன்றிலே மைதானப் பணியாளராக இருந்து, வெள்ளை அதிகாரிகளின் பயிற்சிக்காகப் பந்துவீசியே தம் கலையைத் தேர்ந்தார். 1911 இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியிலே அதிக விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவரே. ஆயினும் ஆடுகளத்திலே அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவருக்கு வெளியிலே தனிக் குவளையை வைத்தனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய விளையாட்டாகிய பேஸ்போலிலும் பந்தெறிபவரின் வரலாறு இதற்குப் பெரிதும் ஒத்தது. அதன் தொடக்ககாலப் பந்தெறி வீரர்களுள் புகழ்பெற்றவராகிய ஆல்பர்ட் ஸ்போல்டிங், கையை ஓயவிட்டபின் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளராக மாறினார். தம் பண்டத்துக்கு உலகச் சந்தையைத் தேடி அவர் நடத்திய சுற்றுப்பயணத்தின்போது, 1889 ஜனவரியில் அவருடைய அணியினர் கொழும்பிலும் ஆடிச்சென்றனர் என்பது எம்மவர் பலர் அறியாத செய்தி. ஆனால் ஸ்போல்டிங் விதிவிலக்கு. எஞ்சிய வீரர்கள் ஒப்பந்தக்காலம் முடிந்தபின்னும் அதே கழகத்துக்கே உரியவர்கள் என்ற விதி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அவர்களைப் பிணைத்திருந்தது. அவ்விதியை 1975 டிசெம்பரிலே நடுவர் தீர்ப்பொன்றின் வாயிலாகத் தகர்த்த வழக்கின் நாயகர்களாகிய அன்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நலி இருவரும் பந்தெறி வீரர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. தேயும் கரமே தன் விலையை முதலில் உணர்கின்றது.

3

நடராஜன் 1991 இல் பிறந்தார். தந்தையார் விசைத்தறிக் கூலித்தொழிலாளி. தாயார் தெருவோரத்திலே கோழியிறைச்சிக் கடை நடத்தியவர். பிள்ளைகள் ஐவருள் நடராஜனே மூத்தவர். சேலம் மாவட்டத்து விசைத்தறித் தொழிலின் இயல்பை அறிந்தோருக்கு இக்குடும்பத்தின் நிலை எளிதிற் புலப்படும். தறியின் உடைமையாளர் ஒருவர், நூல் கொடுத்துச் சேலை வாங்கும் வணிகர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர் என்ற அமைப்பிலே, ஓட்டுபவருக்கு எஞ்சுவது அன்றாடக் கூலியே. அத்தகைய வீட்டிலே தோற்பந்து, காலுறை, தலைக்கவசம், முட்காலணி ஆகியவற்றுக்கு இடமில்லை. டெனிஸ் பந்துக்கு இடமுண்டு.

டெனிஸ் பந்துக் கிரிக்கெட்டை வறியோரின் குறைபட்ட கிரிக்கெட் என்று கொள்வது தவறு. அது தனக்கென ஒரு நுட்பத்தை வளர்த்துக்கொண்ட வடிவமாகும். பந்து மென்மையானது, பாரமற்றது. களிமண் ஆடுகளத்தில் விழுந்து உயர்ந்து எழுந்தால் அடிப்பவருக்கு எளிது. ஓவர்களோ குறைவு; ஒவ்வொரு பந்தும் அடிக்கப்படுவதற்கே உரியது. இந்நிலையிலே வீசுபவருக்கு எஞ்சும் ஆயுதம், அடிப்பவரின் காலடியிலே நேராக வீழ்ந்து மட்டைக்குக் கீழே நுழையும் பந்து. யோர்க்கர் என்று பெயர்பெற்ற இப்பந்தை ஆறு முறை தொடர்ந்து வீசக்கூடிய ஆற்றலே பிற்காலத்தில் நடராஜனின் அடையாளமாயிற்று. அதனை எந்தப் பயிற்சி நிலையமும் அவருக்குக் கற்பிக்கவில்லை. ஊர்ப்போட்டிகளின் தேவையே கற்பித்தது. ஊர்க்கழகங்கள் நடத்திய போட்டிகளும், நட்புடன் எதிர்த்தாடிய நூற்றுக்கணக்கான இளைஞரும் சேர்ந்து உருவாக்கிய கூட்டுச் செல்வம் அது. ஒருவரின் கரத்தில் அது குடிகொண்டிருந்தது என்பதாலே ஒருவர் மட்டுமே அதை ஆக்கினார் என்று கொள்வது, தறியிலே முடிந்த சேலையைப் பார்த்து நூற்றவரையும் சாயமிட்டவரையும் மறப்பதற்கு ஒப்பாகும்.

ஏறத்தாழ இருபது வயது வரை நடராஜன் தோற்பந்தை முறையாக வீசியதில்லை. அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றவர் அதே ஊரைச் சேர்ந்த ஏ. ஜெயப்பிரகாஷ். அவரும் கிரிக்கெட் ஆடியவரே. தம் ஊர் இளைஞரின் திறனை இனங்கண்டு, கழகங்களின் கதவைத் தட்டி, செலவுக்கும் வழிகாட்டி நின்ற இம்மனிதர் இல்லையேல் நடராஜன் என்ற பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம். பின்னாளில் நடராஜன் தம் விளையாட்டுச் சட்டையிலே ஜெயப்பிரகாஷின் பெயரின் முதலெழுத்துக்களைத் தம் பெயரோடு சேர்த்தே பொறித்துக்கொண்டார். 2010-11 ஆம் பருவத்திலே சென்னையின் நான்காம் பிரிவுக் கழகப் போட்டிகளில் ஆடத்தொடங்கிய அவர், சில ஆண்டுகளில் முதற்பிரிவுக்கு உயர்ந்து, 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காள அணிக்கெதிராகத் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கிண்ணப் போட்டியில் அறிமுகமானார்.

4

அந்த அறிமுகமே ஏறத்தாழ அவருடைய இறுதியாகவும் அமைந்திருக்கும். அவர் பந்துவீசும் முறை ஐயத்துக்குரியது என நடுவர்கள் அறிக்கையிட்டனர். பந்து வீசுகையில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்பது 2005 முதல் சர்வதேச அளவில் நிலைபெற்ற விதியாகும். கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன் 1995 டிசெம்பரில் மெல்பேணில் எதிர்கொண்ட குற்றச்சாட்டும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளும் இவ்விதி உருவானதன் பின்னணியில் உள்ளன. பாரமற்ற பந்துக்கு வேகம் ஊட்டப் பழகிய கரம், பாரமான பந்தைக் கையாளும்போது பழைய வழக்கத்தை உடனே கைவிடுவதில்லை. எனவே இதனை ஒருவரின் குற்றமாக அன்றி, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்குப் பெயரும்போது நேரும் இடறலாகவே கொள்ளுதல் தகும்.

இங்குதான் பயிற்சியின் சமூகப் பெறுமதி தெளிவாகின்றது. சென்னையிலே சுனில் சுப்பிரமணியம், தி. வாசு, எம். வெங்கடரமணா ஆகிய முன்னாள் வீரர்கள் அவரைக் கையிலெடுத்து, ஏறத்தாழ ஓராண்டு காலம் அவர் வீசும் முறையைச் சிறிது சிறிதாகத் திருத்தினர். மூவருமே தம் ஆட்டக்காலம் முடிந்தபின் பயிற்சியளிப்பைத் தொழிலாகக் கொண்ட பந்துவீச்சாளர்கள். களத்திலே தேய்ந்த கரத்தின் அறிவு மற்றொரு கரத்துக்குக் கைமாறியது. எழுத்தில் அடங்காத இத்தகைய அறிவு, தச்சுக்கும் நெசவுக்கும் மீன்பிடிக்கும் உரிய அறிவைப் போன்று, அருகிருந்தே பெறப்படுவது. பெருநகரில் அது உண்டு, சிற்றூரில் அரிது. ஆகவே அறிவின் பரம்பலும் வர்க்கத்தின் வழியும் நகர-கிராம வேறுபாட்டின் வழியுமே அமைகின்றது.

2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டிகளிலே, திண்டுக்கல் அணிக்காக ஆடிய அவர், சமநிலையை முறிக்கும் சுப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யோர்க்கராக வீசினார். ஊரின் பந்து நகரத்தின் மின்னொளியில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு, பத்து இலட்சம் ரூபா அடிப்படை விலை குறிக்கப்பட்டிருந்த அவரை, இந்தியன் பிரீமியர் லீக் ஏலத்தில் பஞ்சாப் அணி மூன்று கோடி ரூபாவுக்கு வாங்கியது.

ஏலம் என்ற சொல் எமது கரையோர மக்களுக்குப் புதியதன்று. கரைவலை இழுத்து முடிந்ததும் மணலிலே குவிக்கப்படும் மீனை முதலாளிமார் ஏலத்தில் எடுப்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம். அங்கு விலையைத் தீர்மானிப்பது வலை இழுத்தவரின் வியர்வையன்று, அன்றைய சந்தையே. மனிதக் கரத்தின் ஏலமும் இதற்கு விலக்கன்று. 2017 இல் மூன்று கோடி பெறுமதி கொண்ட கரம், 2018 இல் நாற்பது இலட்சமாயிற்று. அவ்விலைக்கு அவரை எடுத்த ஹைதராபாத் அணி, 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் அவரை ஓர் ஆட்டத்திலேனும் களமிறக்கவில்லை. 2020 இல் வாய்ப்புக் கிடைத்ததும் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2022 ஆம் ஆண்டுக்கான ஏலத்தில் நான்கு கோடியும், 2025 ஆம் ஆண்டுப் பருவத்துக்கான ஏலத்தில் டெல்லி அணியிடம் பத்தே முக்கால் கோடியும் அவருக்கு விலையாகின. ஆனால் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அணி அப்பருவத்தில் அவரை இரண்டு ஆட்டங்களிலேயே பயன்படுத்தியது. உழைப்புச் சக்தியின் பரிமாற்றப் பெறுமதியும் பயன்பெறுமதியும் ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

2020 இன் இறுதியில் நடைபெற்ற அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம் அவருடைய விளையாட்டு வாழ்வின் உச்சமாகும். வலைப்பயிற்சியிலே துடுப்பாட்டக்காரருக்குப் பந்துவீசுவதற்காகவே முதலில் அவர் அழைத்துச் செல்லப்பட்டார். மற்றவர்கள் காயமுற, 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி கன்பராவில் ஒருநாள் போட்டியிலும், 4 ஆம் திகதி அங்கேயே இருபது ஓவர் போட்டியிலும், 2021 ஜனவரி 15 ஆம் திகதி பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டியிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. இந்தியாவின் 300 ஆவது டெஸ்ட் வீரரும் அவரே. பிரிஸ்பேனின் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகளைப் பெற்றார். இந்தியா அப்போட்டியை வென்று தொடரையும் கைப்பற்றியது. அதே பந்துவீச்சு அணியிலே, முச்சக்கர வண்டி ஓட்டுநரின் மகனாகிய ஹைதராபாத்தின் முஹம்மது சிராஜ், தந்தையின் மரணச் செய்தி வந்தபின்னும் நாடு திரும்பாமல் ஆடினார் என்பதையும் இங்கு நினைவுகூரவேண்டும்.

அச்சுற்றுப்பயணத்தின் பிறிதொரு செய்தி வெற்றியின் ஆரவாரத்திலே மறைந்துபோயிற்று. நடராஜன் ஐக்கிய அரபு இராச்சியத்திலே ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்குக் குழந்தை பிறந்தது. அங்கிருந்து நேரே அவுஸ்திரேலியா சென்ற அவர், குறித்த போட்டிகள் முடிந்தபின்னும் வலைப்பயிற்சிக்காக அங்கேயே இருத்தப்பட்டார். அதே வேளையில் அணித்தலைவர் விராட் கோலி தம் முதற் குழந்தையின் பிறப்புக்காக முதலாவது டெஸ்டின் பின் நாடு திரும்ப அனுமதி பெற்றார். இந்த வேறுபாட்டை முன்னாள் அணித்தலைவர் சுனில் கவாஸ்கர் வெளிப்படையாகவே சுட்டி எழுதினார். கோலி திரும்பியது தவறன்று. அது ஒவ்வொரு தந்தைக்கும் உரிய உரிமை. உரிமை எனப்படுவது ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடையாதபோது அது சலுகையாகிவிடுகின்றது என்பதே நாம் கூற விழைவது.

2021 மார்ச் 28 இல் புனேயில் இங்கிலாந்துக்கெதிராக இறுதி ஓவரை வீசி இந்தியாவுக்கு வெற்றி தேடித்தந்த ஆட்டத்தோடு அவருடைய சர்வதேசக் கணக்கு ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர்ப் போட்டிகள் என்றாயிற்று. அடுத்த மாதமே முழங்காற் சத்திரசிகிச்சை. பந்துவீச்சாளரின் உற்பத்திக் கருவி அவருடைய உடலே. அக்கருவி பழுதானால் அதற்கு மாற்று இல்லை.

5

பொதுவாக வீரர்களின் வரலாறு இவ்விடத்தில் முடிந்துவிடும். நடராஜன் வரலாற்றின் ஆய்வுப் பெறுமதி இங்குதான் தொடங்குகின்றது. 2017 இல், முதன்முதலாகப் பெருந்தொகை கைக்கு வந்த காலத்திலேயே, ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து சின்னப்பம்பட்டியிலே ஊர் இளைஞருக்கான பயிற்சிக்கூடமொன்றை அவர் நிறுவினார். ஆட்டவாழ்வு முடிந்தபின் ஓய்வுக்காலப் பணியாக அல்லாமல், அது தொடங்கும் வேளையிலேயே இதனைச் செய்தார் என்பது கவனத்துக்குரியது. இதன் அடுத்த கட்டமாக 2023 ஜூன் 23 இல் நடராஜன் கிரிக்கெட் மைதானம் அவ்வூரிலே தினேஷ் கார்த்திக்கால் திறந்துவைக்கப்பட்டது. நடுவே நான்கு ஆடுகளங்கள், பயிற்சிக்கென இரண்டு ஆடுகளங்கள், உடற்பயிற்சிக்கூடம், சிற்றுண்டிச்சாலை, நூறு பேர் அமரக்கூடிய சிறு பார்வையாளர் மேடை ஆகியன அங்குள்ளன.

இப்பயிற்சிக்கூடத்தின் பயன் எத்தகையது? அங்கு பயின்ற ஜி. பெரியசாமி, கையைத் தாழ்த்திச் சுழற்றி வீசும் வழக்கத்துக்கு மாறான முறையுடையவர். 2019 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டத்திலே சேப்பாக்கம் அணிக்காக ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தி வெற்றிக்கு வழிவகுத்தார். ஓரூரிலிருந்து ஒருவர் தோன்றினால் அதைத் தற்செயல் எனலாம். அதே மண்ணிலிருந்து இன்னொருவரும் தோன்றும்போது அங்கே நிறுவனமொன்று செயற்படுகின்றது என்றே கொள்ளவேண்டும். நடராஜனுக்கு ஜெயப்பிரகாஷ் வாய்த்தது தற்செயல். பெரியசாமிக்குப் பயிற்சிக்கூடம் வாய்த்தது தற்செயலன்று. தற்செயலை நிறுவனமாக மாற்றியமையே நடராஜனின் மெய்யான சாதனை என்பது எமது முடிபு. பிரிஸ்பேனின் மூன்று விக்கெட்டுகள் அதற்கு அடுத்தபடியாகவே வைத்தெண்ணப்பட வேண்டும்.

ஆயினும் இதனை விமரிசனமின்றிப் போற்றுதல் ஆய்வாளருக்கு அழகன்று. முதலாவதாக, இம்மைதானம் தனிமனிதரின் வருவாயிலிருந்து எழுந்தது. அவ்வருவாயோ ஏலச்சந்தையிலிருந்து வந்தது. சந்தை அவரைக் கைவிடும்போது மைதானத்தின் நிலை யாது? பொதுநிதியிலிருந்து அமையவேண்டிய ஒன்றினை வறுமையிலிருந்து மீண்ட ஒருவரின் நன்றியுணர்வு ஈடுசெய்கின்றது. அவருடைய பெருந்தன்மை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அப்பெருந்தன்மை தேவைப்படும் நிலை உயர்ந்ததன்று. இரண்டாவதாக, பயிலும் இளைஞரை ஏலமேடையை நோக்கியே செலுத்தும் ஆபத்தும் இதிலுண்டு. அம்மேடையை எட்டுவோர் மிகச் சிலரே. எஞ்சியோருக்கு விளையாட்டு எதனைத் தந்தது என்பதைக் கொண்டே ஒரு பயிற்சிக்களத்தை மதிப்பிடவேண்டும். மூன்றாவதாக, அவரை வளர்த்த இறைச்சிக்கடையின் உழைப்பு ஒரு பெண்ணின் உழைப்பு. ஆனால் அவ்வுழைப்பால் வளர்ந்த விளையாட்டின் புகழ்க்களமோ பெரிதும் ஆண்களுடையதாகவே உள்ளது. எமது ஊர்களின் மைதானங்களைப் பற்றியும் இதையே, இன்னும் அழுத்தமாகக் கூறவேண்டும். மாலையில் அங்கு ஒரு பெண்பிள்ளையைத்தானும் காண்பது அரிது.

6

இனி எமது கரையோரத்தை நோக்குவோம். இலங்கையிலும் மென்பந்திலிருந்து எழுந்த பந்துவீச்சாளர் உண்டு. காலிக்கு அண்மையிலுள்ள ரத்கமவின் கடற்கரை மணலிலே டெனிஸ் பந்தை வீசி வளர்ந்த லசித் மாலிங்க, 2007 மார்ச் 28 இல் தென்னாபிரிக்காவுக்கெதிராகத் தொடர்ந்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரை இனங்கண்டவர் சம்பக்க ராமநாயக்க. இலங்கைக்காக 18 டெஸ்ட் போட்டிகளில் ஆடியபின் பயிற்றுவிப்பாளராகிய வேகப்பந்து வீச்சாளர் அவர். மாலிங்கவின் கரம் தோளளவிலே பக்கவாட்டாகச் சுழல்வது. பாடநூலின்படி அது பிழை. ராமநாயக்க அதனைத் திருத்த முற்படாமல், அதன் உள்ளே இருந்த நுட்பத்தை வளர்த்தெடுத்தார். மக்களிடமிருந்து கற்றுக்கொள்ளத் தெரிந்தவரே மக்களுக்குக் கற்பிக்கவும் வல்லவர் என்ற உண்மை விளையாட்டுக்கும் பொருந்தும். மாலிங்கவும் தம் ஆட்டக்காலத்தின் பின், 2022 இல் ராஜஸ்தான் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராகப் பணியேற்றார்.

ரத்கமவின் மணலும் சாய்ந்தமருதின் மணலும் ஒன்றே. ஆனால் ரத்கமவுக்கு அருகே காலி உண்டு. அங்கே சர்வதேச மைதானமும், தோற்பந்து ஆடும் பழம்பெரும் பாடசாலைகளும், கழகமும், ஓய்வுபெற்ற டெஸ்ட் வீரர் ஒருவரும் உண்டு. கல்முனைக்கு அருகே இவற்றுள் எத்தனை உண்டு? பாடசாலைகளுக்கு எமக்குக் குறைவில்லை, ஆர்வத்துக்கும் குறைவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என எந்த ஊரிலும் விளையாட்டுக்கழகங்கள் பல உள்ளன. மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் பெருந்திரளான மக்களை ஈர்க்கின்றன. இல்லாதது மென்பந்துக்கும் கடினப்பந்துக்கும் இடையிலான பாலமே. அது மூன்று தூண்களின் மீது நிற்பது: நிலம், உபகரணம், பயின்ற பயிற்றுவிப்பாளர்.

இவற்றுள் நிலமே முதன்மையானது. கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியுமாக நெருக்குண்டு கிடக்கும் ஒடுங்கிய கரையோரப் பட்டியிலே எமது ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. வீடு கட்டவே நிலம் போதாத இடத்தில் மைதானம் என்பது ஆடம்பரமாகத் தோன்றுகின்றது. போர்க்காலத்தின் பல்லாண்டுகள் இளைஞரின் நடமாட்டத்தையே சுருக்கின. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டு, கடலோர வீடுகளை வரிவரியாக அழித்தது. அதன்பின் திறந்தவெளி என்பது முதலிலே தற்காலிகக் கொட்டகைகளுக்கும் பின்னர் மீள்குடியேற்றத்துக்கும் உரியதாயிற்று. அது தவிர்க்க முடியாததே. ஆயினும் எஞ்சியிருக்கும் சிலவற்றை, கல்முனைச் சந்தாங்கேணி மைதானம் போன்ற பொதுவெளிகளை, எவ்வாறு பேணுகின்றோம் என்பது எமது சமூக உணர்வின் உரைகல்லாகும். கேணி ஊரின் பொதுச்சொத்தாக இருந்தது போன்றே மைதானமும் பொதுச்சொத்தாக இருக்கவேண்டும்.

பொருளாதார அடித்தளத்திலும் ஒப்புமைக்கு இடமுண்டு. மருதமுனையின் கைத்தறி, 1977 இல் அறிமுகமான திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின், இறக்குமதித் துணிகளின் முன் நிற்கமுடியாது பெரிதும் தளர்ந்தது. நெசவாளரின் பிள்ளைகள் வேறு தொழில்களையும் மத்திய கிழக்கையும் நாடினர். ஓர் இளைஞர் பதினெட்டு வயதிலே கட்டாருக்கோ சவூதி அரேபியாவுக்கோ பயணமாகும்போது, அவரோடு ஒரு பந்துவீச்சாளரும் விமானமேறுகின்றார் என்பதை நாம் எண்ணுவதில்லை. நடராஜன் தோற்பந்தைக் கையிலெடுத்தது இருபது வயதளவில் என்பதை இங்கு நினைவிற் கொள்க. அந்த வயதிலே எமது இளைஞர் பலர் பாலைவன வெயிலில் நிற்கின்றனர்.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பந்துவீச்சாளரின் ஆற்றல் தனிமனிதரின் அற்புதமன்று என்பது தெளிவாகும். அது ஊரின் கூட்டு ஆட்டத்திலே பிறந்து, தேர்ந்தவரின் கையிலே திருத்தம் பெற்று, சந்தையிலே விலையாகி, உடல் தேயத்தேய முடிவை நோக்கிச் செல்வது. இந்நீண்ட வழியிலே உழைப்பின் பயன் மீண்டும் பிறந்த இடத்துக்குத் திரும்புவது அரிதினும் அரிது. சின்னப்பம்பட்டியிலே அது திரும்பியுள்ளது. அதுவே அவ்வூரை நாம் இங்கு ஆராய்ந்ததன் காரணம்.

அதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம், எமக்கும் ஒரு நடராஜன் வரவேண்டும் என்று காத்திருப்பதன்று. வீரரை எதிர்பார்த்து மைதானத்தை ஒத்திவைப்பது, அறுவடையை எதிர்பார்த்து விதைப்பை ஒத்திவைப்பது போன்றது. ஊர்க்கழகங்களும் பாடசாலைகளும் மாநகர, பிரதேச சபைகளும் ஒன்றிணைந்து பொதுவெளியொன்றைப் பேணுதல், அங்கே ஒரு கடினப்பந்து ஆடுகளத்தை அமைத்தல், மென்பந்திலே பெயர்பெற்று ஓய்ந்த எமது மூத்த ஆட்டக்காரருக்குப் பயிற்றுவிப்பாளர் கல்வியை வழங்கி அவர்களைப் பிள்ளைகளிடம் திருப்பி அனுப்புதல், பெண்பிள்ளைகளுக்கு அவ்வெளியிலே அவர்களுக்குரிய நேரத்தையும் இடத்தையும் உறுதிசெய்தல் ஆகியன செயற்படுத்தக்கூடியவையே. இவற்றுள் எதற்கும் பத்தே முக்கால் கோடி ரூபா தேவையில்லை. பொதுச்சொத்து என்ற உணர்வும் அதனைக் காக்கும் அமைப்பும் தேவை.

இன்று மாலையும் எமது கடற்கரை மணலிலே எவரோ ஒரு சிறுவர், அடிப்பவரின் காலடியைக் குறிவைத்துப் பந்து வீசிக்கொண்டிருப்பார். அவருடைய கரத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதற்கு முன்னால் ஒரு களம் உண்டா என்பது அவர் விடையளிக்கவேண்டிய வினாவன்று; நாம் விடையளிக்கவேண்டியது.